ஈ



விழாக் குழுவினர் தொலைபேசியில் என் உரையின் தலைப்பைக் கேட்டபோது ‘ஈ’ என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு செயலாளர் தயங்கித் தயங்கி, “அம்மா, தலைப்பின் எஞ்சிய பகுதி?” என்று கேட்டார். எஞ்சிய பகுதி ஏதும் இல்லை. தலைப்பு அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். அழைப்பிதழைக் கண்ட ஓர் அன்பர், பூச்சியைப் பற்றிய அறிவியல் உரை போலும் என எண்ணியிருந்ததாக இன்று காலை என்னிடமே கூறினார். அவர் பேரிலும் பிழையில்லை. அரிச்சுவடியில் ‘ஈ’ என்னும் எழுத்துக்கு எதிரே நாம் கண்டு வளர்ந்தது சிறகு விரித்த அந்தப் பூச்சியைத்தான்.

நான் பேச வந்தது வினைச்சொல்லைப் பற்றி. ஈதல், ஈந்தான், ஈவான், ஈயான் என வருகிற ‘ஈ’. சங்கச் செய்யுட்களில் இதன் இறந்தகாலம் பெரும்பாலும் ‘ஈத்த’ என்றிருக்கும். பொருள், கொடுத்தல். இன்று தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் எவரும் எவரிடத்தும் ‘தண்ணீர் ஈ’ என்று கேட்பதில்லை. வாழ்கிற வினையாக இது மறைந்துபோயிற்று. ஆயின் அதன் எலும்புகள் நம் பேச்சில் ஆங்காங்கே கிடக்கின்றன. ‘ஈவு இரக்கம் இல்லாதவன்’ என்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் வகுத்தல் கணக்கில் ‘ஈவு இத்தனை, மீதி இத்தனை’ என்று விடை எழுதுகிறார்கள். இசுலாமியத் தமிழர் நோன்பு முடித்துக் கொண்டாடும் நாளுக்கு ஈகைத் திருநாள் என்று பெயர். ஆத்திசூடியில் ஈகார வரிசைக்குரிய அடி இவ்வினையைக் கொண்டே தொடங்குகிறது. எல்லாம் எச்சங்களே. இவற்றைச் சொல்லுகிற எவருக்கும் உள்ளே ஒரு வினை உயிரோடு இருந்தது என்பது நினைவில் இல்லை.

ஒரு சொல் ஏன் வழக்கொழிகிறது என்று கேட்டால் எளிதான விடைகள் உண்டு. பூச்சியின் பெயரோடு மயங்கியதால் மறைந்தது என்பர் சிலர். ‘ஆறு’ என்பது எண்ணையும் நதியையும் வழியையும் குறித்துக்கொண்டு இன்றளவும் நலமாகவே இருக்கிறது. ஓரெழுத்தாய்ச் சிறுத்திருந்ததால் தேய்ந்தது என்பர் வேறு சிலர். தா, வா, போ ஆகியவை தேயவில்லையே! ஆதலின் காரணத்தை ஒலியில் தேடிப் பயனில்லை. சொல்லியவர் யார், யாரிடம் சொன்னார் என்பதில் தேடவேண்டும். அதற்குத் தொல்காப்பியரே நமக்கு வழிகாட்டி.

சொல்லதிகாரத்து எச்சவியலில் அவர் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் ஒரு சேர வைத்து, இவை இரத்தற்கண் வரும் சொற்கள் என்கிறார். அவற்றுள் ‘ஈ’ என்பது இழிந்தோன் கேட்கும் சொல். ‘தா’ என்பது ஒப்போன் கேட்கும் சொல். ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கேட்கும் சொல். பிற்காலத்து நன்னூலாரும் இதே முப்பகுப்பைப் பொதுவியலில் சொல்லிச் செல்கிறார். ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். பலர் இதைக் கொடுப்பவரின் தகுதி பற்றிய விதியாகக் கொண்டுவிடுகின்றனர். அன்று. இது கேட்பவரின் வாய்மொழி பற்றிய விதி. கேட்கும்போதே ஒருவன் தன் நிலையை அறிவித்துவிட்டுத்தான் கேட்கவேண்டும். பொருள் கைக்கு வருமோ வாராதோ, ‘ஈ’ என்ற அளவில் தான் தாழ்ந்தவன் என்னும் வாக்குமூலம் வெளிவந்துவிடுகிறது.

இந்நூற்பாவை நான் மாணவியாய் இருந்தபோது மனப்பாடம் செய்தேன். பொருள் விளங்கியது பணிக்கு வந்த பிறகுதான். முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கவேண்டிய காலம். ஒரு திங்கள் விடுப்பு வேண்டி, ‘விடுப்புத் தருமாறு வேண்டுகிறேன்’ என்று விண்ணப்பம் எழுதினேன். அது திரும்பி வந்தது. ‘தருமாறு’ என்பதன்கீழ்ச் சிவப்பு மையில் இரட்டைக் கோடு. அழைத்து விசாரித்த மேலிடத்தார், “தா என்று கேட்கிறீர்களே, நான் என்ன உங்கள் தோழரா?” என்றார். நான் ‘வழங்கியருளுமாறு’ என மாற்றி எழுதினேன். விடுப்புக் கிடைத்தது. அவர் தமிழ் இலக்கணம் பயின்றவர் அல்லர். ஆயினும் ‘தா’ என்பது ஒப்போன் கூற்று என்பது அவருக்கு என்னைக் காட்டிலும் நன்றாகத் தெரிந்திருந்தது! ஊரை விட்டுப் பேருந்தில் திரும்பும்போது, அந்த ஒரு சொல்லை மாற்றாமல் விட்டிருக்கலாமோ என்று பலமுறை எண்ணினேன். ஆய்வேடு முடியவேண்டுமே, மாற்றினேன்.

சங்கப் புலவர்க்கும் இச்சொல்லின் சுமை தெரியும். புறநானூற்றின் 204ஆம் பாட்டில் கழைதின் யானையார், வல்வில் ஓரியை நோக்கிப் பேசுகிறார். இரப்பதும் இழிவு, இரந்தவனுக்கு மறுப்பது அதனினும் இழிவு. கொடுப்பது உயர்வு, கொடுத்ததை வேண்டாவென்பது அதனினும் உயர்வு என்னும் கருத்தமைந்த பாட்டு. அங்கே இரப்பவன் வாயில் புலவர் வைத்த வினை ‘ஈ’. வலிய வந்து வழங்குபவன் செயலுக்கு வைத்த வினை ‘கொடு’. பரிசில் நாடி வந்த ஒருவர், தம் தொழிலின் சொல்லையே எடுத்து இதுதான் இழிவு என்று புரவலன் முகத்தெதிரே சொல்கிறார். கவிஞர்கள் இப்பாட்டை ஒருமுறை தனியே இருந்து படிக்கவேண்டுகிறேன். வள்ளுவர் ஈகை என ஓர் அதிகாரம் வகுத்து, அதன் முதற் குறளிலேயே வறியவர்க்குக் கொடுப்பதொன்றே ஈகை, ஏனையவை கைம்மாறு கருதியவை என வரம்பு கட்டிவிட்டார். இரவு, இரவச்சம் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வேறு இருக்கின்றன. அவற்றுக்குள் இப்போது புகவில்லை.

தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று இது. ஆங்கிலத்தில் முன்னிலை ஒருமைக்குத் ‘தௌ’ என்றொரு பெயர்ச்சொல் இருந்தது. நம் ‘நீ’ போல. அதனையே வினையாக்கி, ஒருவரைத் ‘தௌ’ என்று அழைப்பதற்கும் ‘தௌ’ என்றே வழங்கினர். ‘ஏகவசனத்தில் பேசினான்’ என்று நாம் சொல்கிறோமே, அதற்கு அவர்களிடம் ஓரசையில் ஒரு வினை இருந்தது. ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தில், போருக்கு அழைக்கும் மடலில் எதிரியை மூன்று முறை ‘தௌ’ செய்தால் நல்லது என்று ஒருவன் மற்றவனுக்கு அறிவுரை கூறுவான். 1603இல் வால்டர் ராலே மீது நடந்த வழக்கில், அரசுத் தரப்பில் வாதிட்ட எட்வர்ட் கோக், அவ்வினையைச் சொல்லியே அவரை அவமதித்தார். பின்னர்க் குவேக்கர் என்னும் சமயத்தார், கடவுளின்முன் எல்லாரும் ஒன்றென்று சொல்லிப் பெருமக்களையும் நீதிபதிகளையும் ‘தௌ’ என்றே அழைத்து அடியும் ஏச்சும் பெற்றனர். இன்று வட இங்கிலாந்தின் சில வட்டாரப் பேச்சுகளில் ஒட்டிக்கொண்டிருப்பது தவிரப் பொதுவழக்கில் அப்பெயரும் இல்லை, அவ்வினையும் இல்லை. உயர்ந்தோர்க்கென்றிருந்த பன்மைச் சொல்லே எல்லார்க்கும் உரியதாயிற்று. நம்மிடையே இரவலனின் வினை போய் ஒப்போனின் ‘தா’வும் உயர்ந்தோனின் ‘கொடு’வும் எல்லார் வாயிலும் புழங்குவதற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை எனக்கு வியப்பளிக்கிறது. இரு மொழியாரும் படியிறங்கிச் சமமாகவில்லை, படியேறிச் சமமாயினர்.

இத்துடன் என் கட்டுரை முடிந்ததென்று சில ஆண்டுகளுக்கு முன்பு நான் நினைத்திருந்தேன். அதைக் கலைத்தவள் ஒரு மாணவி. இராசபாளையத்துப் பெண், வீட்டில் தெலுங்கு பேசுபவள். விசயநகர, நாயக்கர் காலங்களில் இப்பகுதிக்கு வந்து தங்கிய மக்களின் வழியினர் இவ்வூரில் எத்துணைப் பேர் என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எச்சவியல் பாடம் முடிந்ததும் அவள் எழுந்து, “அம்மா, இந்தச் சொல் எங்கள் வீட்டில் இருக்கிறது. தாத்தா பாட்டியிடம் தண்ணீர் கேட்டாலும் இதே சொல்தான். நான் தாத்தாவிடம் காசு கேட்டாலும் இதே சொல்தான். அப்படியானால் எங்கள் வீட்டில் இழிந்தோர் யார்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை; விடையும் வரவில்லை.

அன்று மாலையே அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெலுங்கில் கொடுத்தலுக்குரிய பொதுவினை ‘இச்சு’. கொடுத்தான் என்பது ‘இச்சாடு’. கொடு என்னும் ஏவல் ‘இய்யி’ என்றும் ‘இவ்வு’ என்றும் வரும். மரியாதை வேண்டுமாயின் ‘அண்டி’ என்னும் ஈறு சேரும், வினை மாறாது. வண்மைக்கு அவர்கள் சொல்லும் ‘ஈவி’ நம் ‘ஈவு’தான். பழங்கன்னடத்திலும் ‘ஈ’ உண்டு. அதன் இறந்தகாலம் ‘இத்த’. நம் ‘ஈத்த’வை அதன் அருகே வைத்துப் பாருங்கள், உடன்பிறப்பு முகத்தில் தெரியும். கன்னடரும் பேச்சில் இன்று ‘கொடு’வுக்கே போய்விட்டனர். நடு இந்தியக் காடுகளில் வழங்கும் கோண்டியிலும் ஒடிசாவின் குயியிலும் இவ்வினை ‘சீ’ எனச் சகரத்தோடு நிற்கிறது. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இவையனைத்தையும் ஒரே பதிவில் அடுக்கியிருக்கின்றனர். தமிழுக்கு நேரே ‘தாழ்ந்தோர்க்குக் கொடுத்தல்’ என்னும் பொருள் இருக்கிறது. ஏனைய மொழிகளுக்கு நேரே வெறுமனே ‘கொடுத்தல்’.

இதன் பொருள் என்ன? இழிவு அச்சொல்லின் வேரில் இல்லை. முன்னை மொழியில் அது கொடுத்தலைக் குறித்த ஒரு சாதாரண வினை. தமிழில் கொடுத்தற்கு மூன்று வினைகள் அருகருகே நின்றபோது, மூன்றுக்கும் இடம் பிரித்துக் கொடுக்கவேண்டிய நிலை வந்தது. வாழ்வில் ஏற்கெனவே இருந்த படிக்கட்டையே மொழியும் எடுத்துக்கொண்டது. தொல்காப்பியர் தம் காலத்து வழக்கைக் கண்டு எழுதினார், அவரை நோவதற்கில்லை. ஆனால் அவர் கண்டதைச் சொல்லின் இயற்கை என்று நாம் இத்தனை காலம் பாடம் நடத்தியது பிழை. நானும் நடத்தியிருக்கிறேன்.

இனி திருவில்லிபுத்தூருக்கு வருகிறேன். இவ்வூரில் பேசுகிற எவரும் கோதை நாச்சியாரைத் தொடாமல் மேடை இறங்குவதில்லை; நான் அம்மரபுக்காக மட்டும் தொடவில்லை. இந்த ஐயம் வந்தபின் திருப்பாவை முப்பதையும் ‘ஈ’யைத் தேடிக்கொண்டே படித்தேன். முப்பது பாடல்களும் கேட்டலைப் பற்றியவை. ஆயர் சிறுமியர், கேட்கப்படுபவனோ பரம்பொருள். இழிந்தோன் கூற்றுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தமிழில் உண்டா? ஆயின் நான் தேடிய அளவில் அவ்வினை ஓரிடத்தும் இல்லை. முதற்பாட்டில் நாராயணன் பறை ‘தருவான்’ என்கிறார்கள். பத்தாம் பாட்டிலும் இருபத்தைந்தாம் பாட்டிலும் இருபத்தெட்டாம் பாட்டிலும் ‘தா’ என்னும் வினையே வெவ்வேறு வடிவில் வருகிறது. நப்பின்னையிடம் விசிறியும் கண்ணாடியும் கேட்கும்போதும் அதே ‘தா’தான். இரண்டாம் பாட்டில் ஐயமும் பிச்சையும் இடுவதைச் சொல்கிறார்; ஈதல் என்று சொல்லியே தீரவேண்டிய இடம். அங்கும் ‘கைகாட்டி’ என்று வேறொரு வினையால் தாண்டிவிடுகிறார்.

இதனை மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. ‘அருள்’ என்று பணிந்து கேட்கும் இடங்கள் திருப்பாவையில் பல. நாச்சியார் திருமொழியில் ஆடையைத் திருப்பிக் கேட்கும் பெண்கள் ‘பணித்தருள்’ என்று வேண்டுகின்றனர். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டளவில் தொல்காப்பிய விதி பேச்சில் தளர்ந்திருக்கவும் கூடும். ஆயினும் செய்யுளில் ‘ஈ’ அப்போதும் அதற்குப் பின்னும் தாராளமாகப் புழங்கியது. கம்பரிடம் வேண்டுமளவு காணலாம். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சொல்லை அவர் எடுக்கவில்லை. அப்பெண்கள் இறைவனோடு உறவு பாராட்டிப் பேசுபவர்கள். சிறுபேர் சொல்லி அழைத்தோமே என்று பின்னர் அவனிடமே மன்னிப்பும் கேட்பவர்கள். உறவினரிடம் ‘தா’ என்றுதானே கேட்கமுடியும்? மேலும் ஒன்று என் உள்ளத்தில் படுகிறது. இதற்குச் சான்று காட்ட இயலாது. உலகளந்த வரலாற்றை அவர் அம்முப்பதுக்குள் மூன்று முறை பாடுகிறார். மாவலியின் வாயிலில் மூன்றடி மண்ணுக்குக் கையேந்தி நின்றவன் அவன். இரந்து நின்றவனிடம் போய் நாம் ஏன் ‘ஈ’ என்று நிற்கவேண்டும்?

‘சூடிக் கொடுத்த நாச்சியார்’ என்னும் பெயரில் ‘கொடு’ வந்திருப்பதைக் கொண்டு, உயர்ந்தோனாகிய இறைவன் ஏற்கும் பொருளாதலின் இலக்கணம் சரியாக அமைந்தது என்று முன்பொரு கருத்தரங்கில் நான் பெருமிதத்தோடு பேசியதுண்டு. இப்போது அதை நான் வற்புறுத்துவதில்லை. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வேறொரு விதியும் சொல்கிறார். ‘தா’ தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது. ‘கொடு’ படர்க்கைக்கு உரியது. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். நாச்சியார் மாலை கொடுத்தது படர்க்கையில் நிற்கும் ஒருவர்க்கு. அவ்வளவே போதுமான விளக்கம். நாம் இவ்விதியையும் மறந்து ‘எனக்குக் கொடு’ என்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் மலையாளத்தார் இன்றும் பிசகாமல் காக்கின்றனர். அங்கே எனக்கும் உனக்கும் ‘தருவர்’, அவனுக்குத்தான் ‘கொடுப்பர்’. இலக்கணம் படியாத குழந்தைகூடத் தவறுவதில்லை. கிருட்டிணதேவராயர் நாச்சியார் வரலாற்றைத் தெலுங்கில் பாடி ‘ஆமுக்தமால்யதா’ எனப் பெயரிட்டார். அப்பெயரின் ஈற்றில் உள்ள ‘தா’ கொடுத்தலைக் குறிக்கும் வடசொல். அதற்கும் நம் ‘தா’வுக்கும் உள்ள ஒலியொற்றுமையைக் கண்டு உறவு கொண்டாடவேண்டா; அது தற்செயல்.

கல்வெட்டுகளிலும் ‘கொடு’வே ஆட்சி செய்கிறது, எழுதப்படுவது ‘குடு’ என்று. நம் பேச்சில் கொச்சை என்று நாம் திருத்துகிற அதே ‘குடு’தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தானும் தன் தமக்கையும் தன் தேவியரும் பிறரும் அளித்தவற்றையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்ன முதலாம் இராசராசன், தனக்கொரு வினை, பிறர்க்கொரு வினை என்று பிரிக்கவில்லை. எல்லார்க்கும் ‘குடுத்தன’ என்ற ஒரே வினை. ஏற்பவன் இறைவனாதலின் இது இலக்கணத்தோடும் முரணவில்லை. எனினும் மாமன்னன் ஒருவன் தன் கொடைக்கும் பெயரறியாதார் கொடைக்கும் ஒரே சொல்லை இட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராய் இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா, இராசபாளையத்தில் தம் இல்லத்தையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். இவ்வூரார் யாரும் ‘ஈந்தார்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்படிச் சொன்னால் ஊரே கையேந்தி நின்றதாக ஆகிவிடும்.

கவிஞர் பெருமக்களிடம் ஒரு குறை சொல்லவேண்டும், உரிமையோடு சொல்கிறேன். வாழ்த்துப்பாக்களில் ‘அன்பை ஈந்த நண்பனே’ என்று எழுதுகிறீர்கள். நண்பன் எப்படி ஈவான்? அவன் தருவான். யாப்பு இடம் தரவில்லை என்றும் சொல்லமுடியாது. ‘ஈந்த’ என்பதும் தேமா, ‘தந்த’ என்பதும் தேமா. பழமையின் மணம் வேண்டும் என்பதற்காக இரவலனின் சொல்லை நண்பர்க்கிடையே கொண்டுவந்து வைப்பது முறையன்று. சொல் வழக்கில் இல்லாமையால் சுமையும் போய்விட்டது என்று நீங்கள் வாதிடலாம். அவ்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் புறநானூற்றைப் படித்த காதுக்கு அது இன்னும் உறுத்துகிறது.

சொல் போனதே தவிரப் படிக்கட்டு போகவில்லை. இன்று வாயிலில் நிற்பவர் ‘பிச்சை போடுங்கள், தாயே’ என்கிறார். ‘ஈ’ விட்டுச் சென்ற இடத்தில் ‘போடு’ உட்கார்ந்திருக்கிறது. மேசைக்கு அப்பால் இருப்பவரிடம் ‘வழங்கியருளுமாறு’ என்கிறோம். மேடையில் நலத்திட்ட உதவிகளை ‘வழங்கினார்’ என்று செய்தி வருகிறது. வரிப்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார் என்று வருவதில்லை. ‘ஈ’யை மீட்டுக் கொணரவேண்டும் என்று தமிழன்பர் சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் விருப்பமில்லை. அந்த வினையை முதன்முதலில் சொல்ல மறுத்தவர்கள் யாரென்று வரலாற்றில் பெயர் இல்லை. கேட்டுப் பெறவேண்டிய நிலையில் இருந்து, ஆயினும் ‘தா’ என்று கேட்டவர்களாக அவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேரிடம் ‘நான் என்ன உங்கள் தோழரா’ என்று கேட்டிருப்பார்களோ!

அந்த மாணவிக்கு நான் விடை கடன்பட்டிருந்தேன் அல்லவா? அடுத்த வாரம் வகுப்பில் தெலுங்கு, கன்னட வடிவங்களையெல்லாம் கரும்பலகையில் எழுதி, உங்கள் வீட்டில் இழிந்தோர் எவரும் இல்லை என்று சொன்னேன். அவள் தன் பாட்டியைப் பார்க்க வரவேண்டுமென்று அழைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். எண்பது வயதைத் தாண்டிய மூதாட்டி. பேத்தியின் ஆசிரியை என்று என்னைத் திண்ணையில் அமர்த்தி, மோர் கொண்டுவந்து நின்றுகொண்டே கொடுத்தார். நான் குடித்து முடித்துத் தம்ளரை வைக்க இடம் தேடியபோது, கையை நீட்டி “இய்யம்மா” என்றார்.

நான் கொடுத்தேன்.